இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆவது எப்படி, முடிவு எதிராக வந்தால் எந்த வாசலைத் தட்டுவது

பாரிஸ்டர் பட்டத்தைப் பல்கலைக்கழகம் தருவதில்லை, அரசும் தருவதில்லை. லண்டனில் உள்ள ‘இன்’ எனப்படும் நான்கு பாரிஸ்டர் சங்கங்களில் ஒன்று தருகிறது. அந்தப் பட்டத்தை வைத்துத் தொழில் செய்ய அனுமதி கொடுப்பது பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டு என்னும் வேறொரு அமைப்பு, சுருக்கமாக பி.எஸ்.பி. தவறு நடந்தால் விசாரித்துத் தண்டனை தருவது மூன்றாவது ஒன்று. சேவை சரியில்லை என்று கட்சிக்காரர் புகார் சொன்னால் கேட்பது நான்காவது. புதிதாக வருபவர்கள் இடறுவது பெரும்பாலும் சட்டப் பாடத்தில் அல்ல. இந்த முடிவை எடுத்தது யார், இதை எதிர்க்க எத்தனை நாள் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளில்தான் இடறுகிறார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் முறையே வேறு. இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் அட்வகேட்ஸ் சட்டத்துக்குப் பிறகு எல்லோரும் அட்வகேட்தான்; பாரிஸ்டர் என்பது பழைய பெயர்ப்பலகைகளில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இங்கிலாந்தில் அது இன்றும் நடப்பில் உள்ள தொழில். கட்சிக்காரரை நேரில் கவனித்து வழக்கை நடத்துபவர் சொலிசிட்டர். நீதிமன்றத்தில் வாதாடுவதும் சட்டக் கருத்துரை எழுதுவதும் முக்கியமாக பாரிஸ்டர் வேலை.

முதல் படி: பட்டப் படிப்பு

சட்டத்தில் பட்டம் வேண்டும், குறைந்தது லோயர் செகண்ட், அதாவது இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவில். வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்கள் ஓராண்டு மாற்றுப் படிப்பை முடித்தால் போதும். இரண்டு வழியிலும் அடிப்படைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும்: குற்றவியல், ஒப்பந்தம், டார்ட் எனப்படும் தீங்கியல், அரசியல் சட்டம், சொத்து, ஈக்விட்டியும் டிரஸ்டும், ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். மூன்றாம் வகுப்பு வந்துவிட்டால் கதவு முழுதாக மூடிவிடாது. விதிவிலக்குக் கேட்கலாம். ஆனால் ஏன் அந்த மதிப்பெண் வந்தது என்பதற்கு அந்தக் காலத்தின் மருத்துவச் சான்று, பல்கலைக்கழகக் கடிதம் போன்றவை கையில் இருக்க வேண்டும். பிற்பாடு எழுதி வாங்கிய நற்சான்றிதழ் அந்த இடத்தில் அதிகம் உதவாது.

பட்டம் வாங்கி ஐந்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டால் சட்ட அறிவு புதுப்பித்த நிலையில் இருக்கிறது என்று காட்டச் சொல்வார்கள். ஊரில் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது எதிர்பாராத தடை. பட்டத்துக்குப் பின் வரும் தொழிற்பயிற்சிக் கோர்ஸுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அதை நடத்தும் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

இன்னில் சேர்வதும் ஒளிக்காமல் சொல்வதும்

நான்கு இன்கள்: லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன். எதில் சேர்ந்தாலும் தகுதி ஒன்றுதான். நூலகம், உதவித்தொகை, பழகும் சூழல் ஆகியவற்றில்தான் வித்தியாசம். தொழிற்பயிற்சிக் கோர்ஸ் தொடங்குவதற்கு 12 வாரம் முன்பே சேர்க்கை விண்ணப்பம் போய்விட வேண்டும். உதவித்தொகைக்கு அதைவிட மிக முன்னதாக, முந்தைய ஆண்டு நவம்பர் தொடக்கத்திலேயே கடைசித் தேதி வந்துவிடும். ஓர் இன்னுக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம். நான்கு இன்களும் சேர்ந்து ஆண்டுதோறும் 60 லட்சம் பவுண்டுக்கு மேல் உதவித்தொகையாகக் கொடுக்கின்றன. கோர்ஸில் இடம் கிடைத்த பிறகு உதவித்தொகையைப் பற்றி யோசிப்பவர்களுக்கு அந்த ஆண்டு எதுவும் கிடைக்காது.

சேர்க்கைப் படிவத்தில் உண்மையில் முக்கியமான பகுதி நன்னடத்தை உறுதிமொழி. தண்டனை, நிலுவையில் உள்ள குற்றச்சாட்டு, போலீஸ் எச்சரிக்கை, திவால், படித்த நிறுவனத்தில் ஒழுங்கு நடவடிக்கை எல்லாவற்றையும் கேட்கும். காலம் கடந்த தண்டனை சொல்ல வேண்டியதில்லை என்ற பொது விதி பாரிஸ்டர்களுக்குப் பொருந்தாது. சட்டம் ‘பாதுகாக்கப்பட்டவை’ என்று ஒதுக்கிய சிலவற்றை மட்டும் விட்டுவிடலாம். பட்டமளிப்புக்கு முன் குற்றப் பின்னணிச் சோதனையும் உண்டு. வெளிநாட்டில் வாழ்ந்தவர்கள் அந்த நாட்டுப் போலீஸ் சான்றை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

பலர் தடுக்கி விழுவது குற்றத்தினால் அல்ல, ஒளித்ததினால். கல்லூரியில் காப்பியடித்த விவகாரம் ஒன்று இருந்தால் இப்படி எழுதுங்கள்: “2021 மார்ச்சில் இரண்டாம் ஆண்டுக் கட்டுரையில் மூன்று பத்திகளை மேற்கோள் குறி இல்லாமல் எடுத்திருந்தேன். பல்கலைக்கழகம் விசாரித்து அந்தத் தாளுக்குப் பூஜ்யம் கொடுத்தது. மீண்டும் எழுதித் தேறினேன். முடிவுக் கடிதம் இணைத்திருக்கிறேன்.” அவ்வளவுதான். தேதி, செய்தது, கிடைத்த தண்டனை, ஆவணம். “சிறிய தவறான புரிதல் ஏற்பட்டது” என்று பூசி மெழுகினால், பல்கலைக்கழகக் கடிதத்தில் ‘கருத்துத் திருட்டு’ என்று இருக்கும்போது, இப்போது நேர்மையின்மை என்ற இரண்டாவது பிரச்சினை தொடங்கிவிடும். முதலாவதைவிட அது கனமானது.

படிவத்தில் இப்படி ஏதாவது தெரியவந்தால் இன் அதை இன்ஸ் கண்டக்ட் கமிட்டிக்கு, அதாவது நன்னடத்தையைப் பார்க்கும் இன்களின் பொதுக் குழுவுக்கு, அனுப்பும். மாணவராக இருக்கும்போது நடக்கும் கடுமையான தவறுகளும் அங்கேதான் போகும். காந்தி 1891இல் இன்னர் டெம்பிளில் பாரிஸ்டர் ஆனார். சிறைத் தண்டனைக்குப் பிறகு 1922இல் அதே இன் அவர் பெயரை நீக்கியது. 1988இல் திரும்பச் சேர்த்தது. அதற்குள் 66 ஆண்டு ஓடிவிட்டது. இப்போதைய முறையில் மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம் இருக்கிறது. அதைக் கீழே பார்க்கலாம்.

பார் கோர்ஸ்

2020க்கு முன் இந்தத் தொழிற்பயிற்சிக் கோர்ஸின் பெயர் பி.பி.டி.சி. இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும், பி.எஸ்.பி. அங்கீகரித்ததா என்று மட்டும் பாருங்கள். ஆங்கிலத் தேர்ச்சிக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் ஒவ்வொரு பிரிவிலும் 7.5 என்பது எதிர்பார்க்கப்படும் அளவு. மொத்தச் சராசரி 7.5 என்று நினைத்துக்கொண்டு எழுத்துப் பிரிவில் 7 வாங்கி நிற்பவர்கள் உண்டு.

சிவில் வழக்கு நடைமுறை, குற்றவியல் வழக்கு நடைமுறை என்ற இரண்டு தாள்களை பி.எஸ்.பி.யே மையமாக நடத்துகிறது. வாதத்திறன், கருத்துரை எழுதுதல், மனு வரைதல், கட்சிக்காரரோடு கலந்தாய்வு ஆகியவற்றைக் கல்வி நிறுவனம் மதிப்பிடும். தோல்விகள் பெரும்பாலும் அந்த மையத் தாள்களில்தான். நடைமுறை விதியைப் பொதுவாகத் தெரிந்தால் போதாது. நாள் கணக்கும் விதிவிலக்கும் சேர்த்துத் தெரிய வேண்டும்.

கோர்ஸோடு கூடவே இன்னில் 10 தகுதி அமர்வுகளை முடிக்க வேண்டும். காந்தி படித்த காலத்தில் இன்னில் இத்தனை விருந்து உண்டால்தான் பட்டம். இன்று பாதிக்கு மேல் பயிற்சி, சொற்பொழிவு, வார இறுதி முகாம். சாப்பாடு முழுக்கப் போய்விடவில்லை. அமர்வுகளைக் கடைசிப் பருவத்துக்குத் தள்ளிவைத்தால் இடம் நிரம்பிவிடும், பட்டமளிப்பு அடுத்த பருவத்துக்குப் போய்விடும்.

எல்லாம் முடிந்ததும் ‘கால் டு த பார்’ எனப்படும் பட்டமளிப்பு. அன்று நீங்கள் பாரிஸ்டர். ஆனால் தொழில் செய்ய முடியாது. பதிவு பெறாத பாரிஸ்டர் என்பது உங்கள் நிலை. நீதிமன்றத்தில் வாதாடுவது 2007ஆம் ஆண்டு லீகல் சர்வீசஸ் சட்டம் ஒதுக்கி வைத்த ஆறு பணிகளில் ஒன்று; அனுமதியின்றிச் செய்தால் அது குற்றம். சட்டச் சேவை வழங்கும்போது ‘பாரிஸ்டர்’ என்று போட்டுக்கொள்வதும் விதிமீறல். உறவினரின் விசா விண்ணப்பத்துக்கு உதவிவிட்டுக் கடிதத்தின் அடியில் ‘பாரிஸ்டர்’ என்று கையெழுத்திடுவது சின்ன விஷயமாகத் தெரியும். புகாராக வந்தால் சின்ன விஷயமாக இருக்காது.

பியூப்பிலேஜ்: குறுகிய வாசல்

நம்மூரில் சீனியர் ஆபீசில் ஜூனியராகச் சேர்வதற்கு ஒப்பானது, ஆனால் விதியும் சம்பளமும் கட்டாயம். பன்னிரண்டு மாதம். முதல் ஆறு மாதம் சூப்பர்வைசரோடு பார்த்துப் படிப்பது, இரண்டாவது ஆறு மாதம் தற்காலிகத் தொழில் சான்றிதழோடு சொந்தமாக வழக்கு நடத்துவது. 2025இல் குறைந்தபட்ச ஊதியம் லண்டனில் ஆண்டுக்கு 24,203 பவுண்டு, வெளியே 22,019. ஊதியமில்லாமல் எடுத்துக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் அது பி.எஸ்.பி.யின் தனி விலக்கு இல்லாமல் செல்லாது.

இடங்கள் பியூப்பிலேஜ் கேட்வே என்ற இணையதளத்தில் விளம்பரமாக வேண்டும். நவம்பர் இறுதியில் விளம்பரம் தெரியும், ஜனவரியில் விண்ணப்பம் திறக்கும், மே மாதம் இடம் தருவார்கள். கேட்வே வழியாக ஒரு சுற்றில் 20 விண்ணப்பம்தான். ஆண்டுக்குச் சில நூறு இடங்களே இருக்க, பட்டம் பெறுபவர்கள் அதைப் போலப் பல மடங்கு. ஆயிரக்கணக்கான பவுண்டு கட்டிக் கோர்ஸ் படிக்கும் முன் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது. பியூப்பிலேஜ் உறுதியான பிறகு கோர்ஸில் சேர்வதுதான் பணத்துக்குப் பாதுகாப்பு.

பார் கோர்ஸ் முடித்து ஐந்தாண்டுக்குள் பியூப்பிலேஜைத் தொடங்க வேண்டும். தள்ளிப்போனால் விலக்குக் கேட்க வேண்டியிருக்கும். பியூப்பிலேஜ் காலத்தில் தொழில் நெறி குறித்து பி.எஸ்.பி. நடத்தும் இன்னொரு தேர்வு உண்டு. அதில் தேறாமல் முழுச் சான்றிதழ் வராது.

வெளிநாட்டில் ஏற்கெனவே வழக்கறிஞராக இருப்பவர்களுக்கு, தமிழ்நாடு பார் கவுன்சிலில் பதிவானவரோ கொழும்பில் அட்டர்னி-அட்-லாவோ, வேறு வழி இருக்கிறது. பி.எஸ்.பி.யிடம் விதிவிலக்கு விண்ணப்பம் போட்டால், அனுபவத்தைப் பார்த்து பார் டிரான்ஸ்பர் டெஸ்டின் எந்தெந்தப் பகுதியை எழுத வேண்டும், பியூப்பிலேஜில் எவ்வளவு குறையும் என்று முடிவு சொல்வார்கள். “15 ஆண்டு பிராக்டீஸ்” என்று மட்டும் எழுதினால் விலக்குக் கிடைப்பது கடினம். எந்த நீதிமன்றம், எத்தனை முழு விசாரணை, யார் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தது, எழுதிய மனுக்கள் எவை என்று பட்டியல் கொடுங்கள். இன்னில் சேர்வது இவர்களுக்கும் தேவை.

சான்றிதழ் கையில் வந்த பிறகு

சான்றிதழ் ஆண்டுக்கு ஆண்டு. புதுச் சான்றிதழ் ஏப்ரல் 1 முதல். சுயதொழில் பாரிஸ்டர் ‘பார் மியூச்சுவல்’ காப்பீட்டில் குறைந்தது 5 லட்சம் பவுண்டு பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். முதல் மூன்றாண்டில் 45 மணி நேரத் தொடர்பயிற்சி. அதில் 9 வாதத்திறன், 3 நெறிமுறை. அந்தக் காலத்தில் தகுதி பெற்ற மூத்தவர் ஒருவரின் கண்பார்வையில்தான் வேலை.

பத்து அடிப்படைக் கடமைகள் இருக்கின்றன. நீதிமன்றத்துக்கான கடமை கட்சிக்காரரின் நலனுக்கும் மேலானது என்பது முதலாவது. ‘கேப் ரேங்க்’ விதி தனி: டாக்சி நிறுத்தத்தில் நிற்கும் வண்டி வருகிற பயணியை ஏற்றுவது போல, உங்கள் துறையில் முறையாக வரும் வழக்கை ஆளைப் பிடிக்கவில்லை என்று மறுக்கக் கூடாது. புதியவர்கள் மறந்துபோகும் கடமை ஒன்று உண்டு. உங்கள் மேல் குற்ற வழக்குப் பதிவானாலோ, திவாலானாலோ, கடுமையான தவறு செய்தாலோ நீங்களே பி.எஸ்.பி.க்கு உடனே சொல்ல வேண்டும். சக பாரிஸ்டரின் கடுமையான தவறு தெரிந்தாலும் அப்படியே.

புகார் வந்தால்

முதலில் இது என்ன வகைப் புகார் என்று பிரித்துப் பாருங்கள். தாமதம், கட்டணம், பதில் சொல்லாமை போன்ற சேவைக் குறைகள் லீகல் ஆம்பட்ஸ்மனுக்குப் போகும். கட்சிக்காரர் முதலில் உங்களிடமே புகார் தர வேண்டும். எட்டு வாரத்தில் தீர்க்காவிட்டால் அவர் மேலே போகலாம். உங்கள் இறுதிப் பதிலிலிருந்து அவருக்கு ஆறு மாதம், சம்பவத்திலிருந்தோ தெரிந்த நாளிலிருந்தோ ஓராண்டு என்று இரண்டு எல்லை. அங்கே 50,000 பவுண்டு வரை இழப்பீடு உத்தரவாகலாம்.

நடத்தை சம்பந்தமான புகார் பி.எஸ்.பி.யிடம் போகும். சிறிய மீறலுக்கு அங்கேயே எச்சரிக்கையோ, தனிநபருக்கு 1,000 பவுண்டு வரை அபராதமோ போடலாம். இது நிர்வாகத் தண்டனை. கடுமையானது என்று தெரிந்தால் பார் டிரைபியூனல்ஸ் அண்ட் அட்ஜுடிகேஷன் சர்வீஸ் அமைக்கும் தீர்ப்பாயத்துக்குப் போகும். மூவர் குழு 12 மாதம் வரை தொழில் நிறுத்தம் கொடுக்கலாம். பெயரையே நீக்க ஐவர் குழு வேண்டும். அபராதம் 50,000 பவுண்டு வரை. 2019 ஏப்ரல் 1க்குப் பிறகு நடந்த செயல்களுக்கு, சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற அளவுகோல் இல்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகமா என்ற சிவில் அளவுகோல்தான்.

பி.எஸ்.பி. கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பதே தனிக் குற்றச்சாட்டாகிவிடும். வெறும் சேவைக் குறையாக முடிந்திருக்க வேண்டியது இப்படித்தான் தீர்ப்பாயம் வரை இழுபடும். முதல் கடிதம் வந்த நாளே காப்பீட்டாளருக்குத் தெரிவியுங்கள்.

முடிவை எதிர்ப்பது

கடிதத்தைக் கையில் எடுத்ததும் மேலே தேதியையும் கீழே கையெழுத்தையும் பாருங்கள். யார் முடிவு என்பது தெரிந்தால் வாசல் தெரியும், தேதி தெரிந்தால் கெடு தெரியும். மார்ச் 3 தேதியிட்ட முடிவு என்று வைத்துக்கொள்வோம்.

அது இன்ஸ் கண்டக்ட் கமிட்டியின் முடிவா? மறுபரிசீலனை கேட்க வேண்டிய இடம் இன் அல்ல, பி.எஸ்.பி. ஒரு மாதம், அதாவது ஏப்ரல் 3க்குள். விதிவிலக்கு, விலக்கு, பியூப்பிலேஜ் குறைப்பு போன்று பி.எஸ்.பி.யே எடுத்த முடிவா? அதுவும் பி.எஸ்.பி.யிடமே மறுபரிசீலனை, எழுத்தில், கட்டணத்தோடு, ஒரு மாதத்துக்குள். கட்டணம் இல்லாமல் அனுப்பிய மனுவைக் கெடுவுக்குள் வந்த மனுவாக எண்ண வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். மறுபரிசீலனையும் எதிராகப் போனால் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு. மறுபரிசீலனையைத் தாண்டி நேரே உயர் நீதிமன்றம் போக முடியாது.

நிர்வாகத் தண்டனையா? 28 நாளில் மேல்முறையீட்டுக் குழு, மார்ச் 31க்குள். தீர்ப்பாயத்தின் முடிவா? 21 நாளில் உயர் நீதிமன்றத்தின் அட்மினிஸ்ட்ரேட்டிவ் கோர்ட், படிவம் என்161; மார்ச் 24க்குள். முன்பு இந்த மேல்முறையீட்டை ‘விசிட்டர்ஸ்’ என்ற பெயரில் நீதிபதிகள் கேட்டுவந்தார்கள். 2013ஆம் ஆண்டின் கிரைம் அண்ட் கோர்ட்ஸ் சட்டம் அதை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது. பழைய கட்டுரைகளில் விசிட்டர்ஸ் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

உயர் நீதிமன்றம் வழக்கை முதலிலிருந்து மறுபடி கேட்காது. முடிவு தவறானது, அல்லது கடுமையான நடைமுறைக் குறையால் அநியாயமானது, இந்த இரண்டில் ஒன்றைக் காட்ட வேண்டும். “நான் நல்லவன்” என்று இருபது நற்சான்றிதழ் கட்டுவதால் பயனில்லை. தனிநபரின் எதிர்காலத்தைவிடத் தொழிலின் நற்பெயர் பெரிது என்று 1993இல் போல்டன் என்ற சொலிசிட்டரின் வழக்கில் சொன்னது இன்றும் ஆள்கிறது. பலன் தருவது வேறு வகை வாதம்: எந்தப் பத்தியில் எந்த ஆதாரத்தைத் தீர்ப்பாயம் பார்க்கத் தவறியது, எந்தக் குற்றச்சாட்டுக்குக் காரணம் சொல்லாமல் விட்டது, எந்த ஆவணத்தை உங்களுக்குக் காட்டாமல் பயன்படுத்தியது. 2017இல் ஒரு பாரிஸ்டர், தன் நடத்தைக்கு மருத்துவக் காரணம் இருந்தது என்று உயர் நீதிமன்றத்தில் வாதிட்டு வென்றார். அதேபோல மருத்துவ வாதம் உங்களுக்கும் இருந்தால் நிபுணர் அறிக்கையைத் தீர்ப்பாயத்திலேயே வையுங்கள். அங்கே வைத்திருக்கக் கூடிய புது ஆதாரத்தை மேல்முறையீட்டில் நுழைப்பது மிகக் கடினம்.

மேல்முறையீடு போட்டதாலேயே எல்லாம் நின்றுவிடாது. பெயரை நீக்கும் செயலை இன் செய்வது மேல்முறையீட்டுக் காலம் கழிந்த பிறகுதான். ஆனால் அதுவரை தொழில் சான்றிதழை நிறுத்தி வைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். அதைப் பற்றிய வாதத்தைத் தண்டனை சொல்லும் அதே நாளில் செய்ய வேண்டும். தயாராகப் போங்கள், மறுநாள் யோசித்தால் வழக்குகள் கைவிட்டுப் போயிருக்கும்.

மேல்முறையீடே இல்லாத முடிவுகளும் இருக்கின்றன. உங்களைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் முடிவு, புகாரை பி.எஸ்.பி. தள்ளுபடி செய்வது, ஆம்பட்ஸ்மனின் இறுதி முடிவு ஆகியவை. தள்ளுபடியான புகாரைக் கொடுத்தவர் பி.எஸ்.பி.யின் சுயேச்சையான மறுஆய்வாளரிடம் கேட்கலாம். அதற்கு மேல் ஜுடீஷியல் ரிவ்யூ என்னும் நீதிப்புனராய்வுதான். நம்மூர் ரிட் மனுவுக்கு நெருங்கிய சொந்தம். கெடு மூன்று மாதம் என்று எல்லோரும் சொல்வார்கள். விதி சொல்வது ‘உடனடியாக, எப்படியானாலும் மூன்று மாதத்துக்குள்’. எண்பதாவது நாளில் வந்தவரிடம் ஏன் இத்தனை நாள் என்று நீதிமன்றம் கேட்கும். வழக்குக்கு முன் எதிர்த்தரப்புக்குக் கடிதம் அனுப்பி வழக்கமாக 14 நாள் கொடுக்க வேண்டும். அதையும் கணக்கில் சேருங்கள். முதலில் அனுமதி வாங்கும் கட்டம். காகிதத்தில் மறுத்தால் நேர்வாதம் கேட்க ஏழு நாள். மேல்முறையீட்டு வழி இருந்தும் பயன்படுத்தாமல் இங்கே வந்தால் அனுமதி கிடைப்பது அரிது. வென்றாலும் பெரும்பாலும் கிடைப்பது முடிவு ரத்தாகி அதே அமைப்புக்குத் திரும்பிப் போவதுதான்.

பி.எஸ்.பி. பாகுபாடு காட்டித்தான் தன் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது என்று மனித உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பதற்கு ஓராண்டு. அந்த ஓராண்டு எப்போது தொடங்குகிறது என்பதே ஒரு வழக்கானது. ஓ’கானர் என்ற பாரிஸ்டர் மேல் போட்ட குற்றச்சாட்டுகள் 2011இல் நிரூபணமானதாகத் தீர்ப்பாகி, 2012 ஆகஸ்டில் விசிட்டர்ஸ் முன் ரத்தாயின. 2013 பிப்ரவரியில் அவர் வழக்குப் போட்டார். தீர்ப்பாயத் தேதியிலிருந்து எண்ணினால் காலம் கடந்தது. ஒழுங்கு நடவடிக்கை முழுவதும் ஒரே தொடர்ச் செயல், மேல்முறையீடு முடிந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் சொன்னது. அந்த ஒரு கேள்விக்குப் பதில் வரவே நான்காண்டுக்கு மேல் ஆயிற்று.

மறுபரிசீலனை மனுவை எழுதும்போது முதல் பக்கத்தில் நான்கு வரி போதும்: எந்த முடிவு, எந்தத் தேதி, எந்த விதியின் கீழ் இந்த மனு, என்ன கேட்கிறீர்கள். இரண்டாம் பக்கத்திலிருந்து முடிவின் பத்தி எண்ணைக் குறிப்பிட்டு ஒவ்வொன்றாகப் பதில். ஆவணங்களுக்கு எண் போட்டு ஒரே கோப்பாக்கி, பக்க எண்ணோடு அனுப்புங்கள். மின்னஞ்சல் போய்ச் சேர்ந்ததற்கான ரசீதைக் கெடு முடியும் முன்பே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.